ரிப்போர்ட்டில் 46 என்று வந்துவிட்டால் எல்லாம் சரியா?
குரோமோசோம் சோதனை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. எனக்கும் கணவருக்கும் 'கேரியோடைப்பிங்' என்ற குரோமோசோம் சோதனை எழுதிக் கொடுத்தார்கள். ரத்தம் கொடுத்து நான்கு நாள் கழித்து, 'டியூப் மாறிவிட்டது, மறுபடியும் கொடுங்கள்' என்கிறார்கள். சர்க்கரை ரிசல்ட் சாயங்காலமே வந்துவிடுகிறது. இதற்கு மட்டும் ஏன் மூன்று வாரம்?
— வாசகி, தேனி

சர்க்கரையைப் பார்க்க ரத்தம் இருந்தால் போதும். குரோமோசோம் என்பது செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழை, இயல்பாக ஒரு செல்லில் 46 இருக்கும். அதைப் பார்க்க உயிருள்ள செல் வேண்டும், அதுவும் இரண்டாகப் பிரியும் தறுவாயில் உள்ள செல். மற்ற நேரங்களில் குரோமோசோம்கள் சிக்கெடுக்காத நூல்கண்டு மாதிரி கிடக்கும். மைக்ரோஸ்கோப்பில் தனித்தனியாகத் தெரியாது.

அதனால்தான் டியூப் முக்கியம். இதற்குப் பச்சை மூடி போட்ட சோடியம் ஹெபாரின் டியூப்தான் சரி. ரத்த அணுக்களை எண்ணப் பயன்படும் ஊதா மூடி இ.டி.டி.ஏ. டியூப், செல் வளரத் தேவையான கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பச்சை மூடியிலேயே லித்தியம் ஹெபாரின் என்று இன்னொரு வகை உண்டு. அது பிரியும் செல்களுக்கு ஆகாது. மூடியின் நிறத்தை மட்டும் பார்த்து எடுத்தால் இந்தத் தவறு நேரும், லேபிளைப் படிக்க வேண்டும். 3 முதல் 5 மில்லி போதும். எடுத்ததும் டியூபை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டிக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் உறைந்துவிடும். உறைபெட்டியில் வைத்தால் செல்கள் செத்துவிடும். 24 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 48 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேருவது நல்லது. சனிக்கிழமை மாலை எடுத்து திங்கட்கிழமை கூரியரில் போடுவது வீண் வேலை. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

லேபில் அரை மில்லி ரத்தத்தை 5 மில்லி வளர்ப்பு ஊடகத்தில் போட்டு, கூடவே பைட்டோஹீமஅக்ளூட்டினின் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். நாம் சமைக்கும் ராஜ்மா இனத்துப் பயற்றிலிருந்து எடுப்பதுதான் அது. சும்மா இருக்கும் வெள்ளை அணுக்களைத் தட்டி எழுப்பிப் பிரிய வைப்பது இதன் வேலை. 37 டிகிரியில் 72 மணி நேரம் வளர வேண்டும். பிறகு கோல்செமிட் சேர்த்துச் செல் பிரிதலைப் பாதியில் நிறுத்தி, உப்புக் கரைசலில் செல்லை ஊதவைத்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்து பதப்படுத்தி, கண்ணாடியில் சொட்டுவிட்டு, பட்டை பட்டையாகத் தெரியும்படி சாயம் ஏற்றுவார்கள். இவ்வளவும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். மீதி நாட்கள் கண்ணுக்கான வேலை. பொதுவாக 20 செல்களில் குரோமோசோம்களை எண்ணி, அவற்றில் சிலவற்றில் ஒவ்வொரு பட்டையையும் அதன் ஜோடியோடு ஒப்பிட்டு, இன்னொருவர் சரிபார்த்த பிறகே கையெழுத்தாகும். அவசரப்படுத்தாதீர்கள்.

இன்னொன்று. ரத்தம் இருவருமே கொடுக்க வேண்டும். மனைவி மட்டும் கொடுத்துவிட்டுக் கணவர் நழுவுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தொடர்ந்து கரு கலையும் தம்பதிகளில் 100க்கு 3 முதல் 5 ஜோடிகளில் ஒருவருக்குச் சமநிலை இடமாற்றம் இருக்கும். அதாவது ஒரு குரோமோசோமின் துண்டு இன்னொன்றோடு இடம் மாறியிருக்கும், ஆனால் எதுவும் கூடவோ குறையவோ இருக்காது. அவர் முழு ஆரோக்கியமாக இருப்பார். கருவுக்குப் பங்கு பிரிக்கும்போதுதான் ஒரு துண்டு கூடவோ குறைவாகவோ போய்விடும். இந்த இடமாற்றம் அப்பாவிடமும் இருக்கலாம், அம்மாவிடமும் இருக்கலாம். இருப்பதாகத் தெரிந்தால் மனம் தளர வேண்டாம். ஒழுங்காகப் பங்கு பிரிந்த கருவும் உருவாகும், இப்படிப்பட்ட தம்பதிகளில் பலர் ஆரோக்கியமான குழந்தை பெறுகிறார்கள். அடுத்த கர்ப்பத்தில் எந்தச் சோதனையை எப்போது செய்வது என்பதை முன்கூட்டியே திட்டமிடலாம்.

அடுத்த முறை கலைந்தால் (அப்படி ஆகக் கூடாது), அந்தச் சதையையே சோதிக்கலாமா?
— அதே வாசகி

சோதிக்கலாம், பெற்றோர் ரத்தத்தைவிட அது நேரடியாகப் பதில் சொல்லும். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறுதான். 16ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதும், ஒரே ஒரு எக்ஸ் மட்டும் இருப்பதும் அடிக்கடி காணப்படுபவை. இவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரு கருவில் தற்செயலாக நேர்ந்தவை. மாடிப்படி ஏறியதாலோ பப்பாளி சாப்பிட்டதாலோ வந்தவை அல்ல.

சதையை ஃபார்மலினில் போட்டால் இந்தச் சோதனைக்கு உதவாது. பயாப்ஸி பழக்கத்தில் வார்டில் அப்படித்தான் போட்டுவிடுவார்கள். சுத்தமான சலைனில் போட்டு அன்றே அனுப்பச் சொல்லி, டி அண்ட் சி (கருப்பையைச் சுத்தம் செய்தல்) அறைக்குள் போகும் முன்பே நினைவுபடுத்துங்கள். '46,எக்ஸ்எக்ஸ்' (இயல்பான பெண் குரோமோசோம்கள்) என்று ரிசல்ட் வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: வளர்ந்தது கருவின் செல்லா, தாயின் செல்லா? தாயின் கருப்பைத் திசு கலந்து அதுவே வளர்ந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. தாயின் ரத்தத்தோடு டி.என்.ஏ.வை ஒப்பிட்டு இதைத் தெளிவுபடுத்தலாம்.

குழந்தையில்லை என்று சோதித்ததில் என் கணவருக்கு '46,எக்ஸ்ஒய்,இன்வர்ஷன்(9)(பி12க்யூ13)' என்று வந்திருக்கிறது. 'இன்வர்ஷன்' என்றால் தலைகீழாம். தன்னிடம்தான் குறை என்று அவர் யாரிடமும் பேசுவதில்லை. சிகிச்சை உண்டா?
— வாசகி, கரூர்

சிகிச்சை தேவையில்லை, ஏனென்றால் இது நோய் இல்லை. இந்தப் பதிலை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

9ஆம் குரோமோசோமின் இடுப்புப் பகுதியில் மரபணு இல்லாத, திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. அடுக்கு ஒன்று இருக்கிறது. அந்த இடம் மட்டும் தலைகீழாகத் திரும்பியிருப்பது 100 பேரில் ஒருவர் முதல் மூவர் வரை காணப்படும் இயல்பான வேறுபாடு. மூக்கு நீளம் ஆளுக்கு ஆள் மாறுவது மாதிரிதான். 1, 9, 16 ஆகிய குரோமோசோம்களின் இடுப்பு சற்றுப் பருமனாக இருப்பது, ஒய்யின் வால் நீண்டோ குட்டையாகவோ இருப்பது, 13, 14, 15, 21, 22 இவற்றின் தலையில் உள்ள குமிழ் பெரிதாக இருப்பது எல்லாம் இதே பட்டியல்தான். இவற்றை ரிப்போர்ட்டில் எழுதவே வேண்டாம் என்று பல லேப்கள் முடிவு செய்திருக்கின்றன. எழுதினால், 'இயல்பான வேறுபாடு' என்ற சொல்லையும் அதே வரியில் எழுதியே ஆக வேண்டும். அந்தச் சொல்லை எழுதாமல் விடுவது எத்தனையோ வீடுகளில் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பெண்களின் ரிப்போர்ட்டிலும் இப்படி ஒன்று வரும். 35 வயதைத் தாண்டியவரின் 30 செல்களில் ஒன்றிரண்டில் 45,எக்ஸ் என்று காட்டும். வயதாக ஆக ரத்த வெள்ளை அணுக்கள் ஒரு எக்ஸைத் தவறவிடுவது வழக்கம்தான். அதை வைத்து அந்தப் பெண்ணுக்கு டர்னர் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு எக்ஸ் குறைவது) என்று பட்டம் கட்டக் கூடாது.

உங்கள் கணவருக்கு விந்தணு எண்ணிக்கை என்ன என்று எழுதவில்லை. அறவே இல்லாமலோ, மில்லிக்கு 50 லட்சத்துக்கும் கீழோ இருந்தால், ஒய் குரோமோசோம் நுண்ணிழப்புச் சோதனை கேளுங்கள். அந்தச் சின்ன இழப்பு கேரியோடைப்பில் தெரியாது, குறிப்பிட்ட டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். முறையில்தான் தெரியும். ஏ, பி, சி என்று மூன்று பகுதிகள் பார்ப்பார்கள். சி பகுதி மட்டும் இல்லையென்றால் விரையிலிருந்து விந்தணு எடுக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே இழப்பு போகும், அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். ஏ அல்லது பி முழுவதும் இல்லையென்றால் ஆபரேஷன் செய்தும் விந்தணு கிடைப்பது அரிது, அந்த வலியும் செலவும் மிச்சம்.

மூத்த குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். முகத்தைப் பார்த்ததுமே டாக்டர் சொல்லிவிட்டார். பிறகு எதற்கு ரத்தச் சோதனை? அடுத்த குழந்தைக்கும் வருமா?
— வாசகர், கும்பகோணம்

முதல் கேள்விக்கான பதிலே இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. முகம் டவுன் என்று சொல்லும், எந்த வகை டவுன் என்று சொல்லாது. அடுத்த குழந்தையின் கணக்கு அந்த வகையில்தான் அடங்கியிருக்கிறது.

100 டவுன் குழந்தைகளில் ஏறக்குறைய 95 பேருக்கு 21ஆம் குரோமோசோம் தனியாக மூன்று இருக்கும். ரிப்போர்ட்டில் 47 என்று வரும். இது கருமுட்டை உருவாகும்போது ஜோடி பிரியாமல் போனதால் வந்தது. பெற்றோருக்கு ரத்தச் சோதனை தேவையில்லை. தாய் இளவயதினராக இருந்தால் மறுபடி வரும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம். வயது கூடியிருந்தால் வயதுக்கான கணக்கு: 35இல் சுமார் 350க்கு ஒன்று, 40இல் சுமார் 100க்கு ஒன்று.

மூன்று நான்கு பேருக்கு மொத்த எண்ணிக்கை 46 என்றே வரும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து 'நார்மல்' என்று நினைத்துவிடக் கூடாது. கூடுதல் 21 வேறொரு குரோமோசோமின் மேல், பெரும்பாலும் 14ஆம் குரோமோசோமின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். ரிப்போர்ட்டில் 'டெர்(14;21)' என்று எழுதியிருந்தால் அது இதுதான். அப்போது தாய் தந்தை இருவரும் கட்டாயம் சோதித்துக்கொள்ள வேண்டும். பலருக்கு இது குழந்தையிடமே புதிதாக உண்டானது, பெற்றோர் இருவரும் இயல்பாக இருப்பார்கள். சிலருக்குப் பெற்றோரில் ஒருவர் அந்த ஒட்டிய குரோமோசோமைச் சுமப்பவராக இருப்பார். அவருக்கு எண்ணிக்கை 45, ஆனால் ஒரு குறையும் இருக்காது.

சுமப்பவரிடமிருந்து ஆறு வகைக் கருக்கள் உருவாகலாம். அதில் மூன்று வகை தொடக்கத்திலேயே நின்றுவிடும். மிஞ்சுவது இயல்பானது, பெற்றோர் போலவே சுமப்பது, டவுன் என மூன்று. காகிதக் கணக்கில் மூன்றில் ஒன்று டவுனாக இருக்க வேண்டும். உண்மையில் தாய் சுமப்பவரானால் 10 முதல் 15 சதவீதம், தந்தையானால் ஒன்றிரண்டு சதவீதம்தான். பெற்றோரில் ஒருவருக்கு 21ஓடு 21 ஒட்டியிருந்தால் மட்டும் கணக்கு கடுமை: பிழைத்துப் பிறக்கும் குழந்தை எல்லாமே டவுனாகத்தான் இருக்கும். இது மிக அரிது, ஆனால் இருக்கிறவர்களுக்கு உடைத்துச் சொல்லத்தான் வேண்டும். சுமப்பவர் என்று தெரிந்தால் அவருடைய உடன்பிறந்தவர்களுக்கும் சொல்லுங்கள். தங்கைக்குத் திருமணம் ஆகவில்லை என்று மறைத்து வைப்பது அந்தத் தங்கைக்குத்தான் கெடுதல்.

இப்போது இருக்கும் குழந்தைக்கு இதய எக்கோ எடுத்துவிட்டீர்களா? டவுன் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் ஓட்டையோ வேறு குறையோ இருக்கும், ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்காமலும் இருக்கலாம். தைராய்டு, காது, கண் மூன்றையும் ஆண்டுதோறும் பாருங்கள்.

என் மகளை என் தம்பிக்கே கொடுப்பதாக இருக்கிறோம். கல்யாணத்துக்கு முன் இருவருக்கும் குரோமோசோம் சோதனை செய்தால் போதுமா?
— வாசகி, விருதுநகர்

போதாது என்பதைவிட, பொருந்தாது என்பதே சரி. சொந்தத்தில் கட்டுவதால் டவுன் சிண்ட்ரோம் வருவதில்லை. குரோமோசோம் கோளாறு பெரும்பாலும் அந்தந்தக் கருமுட்டையில் புதிதாக நேர்வது. சொந்தத்தில் கட்டுவதால் கூடுவது வேறு வகை: இரண்டு பக்கமும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்ந்தால் மட்டும் வெளிப்படும் நோய்கள். தலசீமியா, பிறவிக் காதுகேளாமை, சில வளர்சிதைமாற்ற நோய்கள் இதில் அடங்கும். தாய்மாமன்–மருமகள் திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்கு எட்டில் ஒரு பங்கு மரபணு இடங்களில் இரு பிரதிகளும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்திருக்கும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் 16இல் ஒரு பங்கு. பழுது ஒரு மரபணு அளவில் இருப்பதால் இருவரின் கேரியோடைப்பும் சுத்தமாக வரும். 'டெஸ்ட் எடுத்தாச்சு, ஒன்றுமில்லை' என்று வீடே நிம்மதியாகிவிடும். அந்தப் பொய் நிம்மதிதான் ஆபத்து.

செய்ய வேண்டியது: மூன்று தலைமுறைக் குடும்ப மரம் வரைந்து, சிறுவயதில் இறந்தவர்கள், காது கேளாதவர்கள், வளர்ச்சி குன்றியவர்கள் யார் யார் என்று குறியுங்கள். இருவருக்கும் ரத்த எண்ணிக்கையும் தலசீமியா சுமப்பவரைக் காட்டும் ஹீமோகுளோபின் எச்.பி.எல்.சி. சோதனையும் எடுங்கள். பிறகு மரபியல் ஆலோசகரைப் பார்த்து, மரபணு சுமப்போர் சோதனை தேவையா என்று கேளுங்கள். மகளுக்கு அந்தக் கல்யாணத்தில் விருப்பமா என்பதை அதற்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வயது 38, கர்ப்பம் 11 வாரம். ஊசி போட்டுத் தண்ணீர் எடுக்காமல், ரத்தத்திலேயே பார்க்கும் என்.ஐ.பி.டி. எடுத்தால் போதுமா? அதில் ஆணா பெண்ணா என்றும் தெரியுமாமே?
— வாசகி, ஓசூர்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இந்தியாவில் கருவின் பாலினத்தைத் தெரிவிப்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கேட்பதும் குற்றம்தான். கருவின் ரிப்போர்ட்டில் எக்ஸ், ஒய் பற்றிய தகவலை மறைத்துத்தான் தருவார்கள்.

என்.ஐ.பி.டி. நல்ல வடிகட்டி, ஆனால் தீர்ப்பு அல்ல. தாயின் ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளில் ஒரு பங்கு நஞ்சுக்கொடியிலிருந்து வந்தது. சோதனை பார்ப்பது அதை, குழந்தையை அல்ல. நஞ்சுக்கொடியில் மட்டும் கோளாறு இருந்து குழந்தை நன்றாக இருப்பதும் உண்டு. அந்தப் பங்கு 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பல லேப்கள் ரிசல்ட் தராது. 10 வாரத்துக்கு முன் எடுத்தாலோ, தாயின் எடை மிக அதிகமாக இருந்தாலோ இப்படி ஆகும்.

ஒரு கணக்குப் போடுவோம். சோதனை 100 டவுன் கருக்களில் 99ஐப் பிடிக்கிறது, 1,000 இயல்பான கருக்களில் ஒன்றுக்கு மட்டும் தவறாக மணி அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 வயதில் லட்சம் பேருக்கு எடுத்தால் சுமார் 1,000 டவுன் கருக்களில் 990 பிடிபடும், தவறான மணி 99. ஆக, 'ஹை ரிஸ்க்' என்று வந்தவர்களில் 100க்கு 91 பேருக்கு உண்மை. அதே சோதனையை 25 வயதில் எடுத்தால் லட்சத்தில் டவுன் கரு 80தான், பிடிபடுவது 79, தவறான மணி 100. அதாவது பாதிக்கு மேல் பொய். சோதனை மாறவில்லை, எடுத்துக்கொள்பவரின் வயதுதான் மாறியது. ஆகவே 'ஹை ரிஸ்க்' தாளை மட்டும் வைத்துக் கருவைக் கலைக்க முடிவு செய்யாதீர்கள். பனிக்குட நீர்ச் சோதனையில் உறுதியான பிறகே எந்த முடிவும். 'லோ ரிஸ்க்' என்று வந்து ஸ்கேனில் கழுத்துப் பின்புற வீக்கமோ இதயக் குறையோ தெரிந்தால், அப்போதும் பனிக்குட நீர்ச் சோதனையே சரி.

நீர் எடுப்பது 15 வாரத்துக்குப் பிறகு. 15 முதல் 20 மில்லி எடுப்பார்கள். முதலில் வரும் ஒன்றிரண்டு மில்லியில் தாயின் செல் கலந்திருக்கலாம் என்பதால் அதைத் தனியே ஒதுக்குவார்கள். அனுபவமுள்ள கைகளில் கரு கலையும் ஆபத்து 0.5 சதவீதத்துக்கும் குறைவு. உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி தேவைப்படும். ஃபிஷ் அல்லது க்யூ.எஃப்.-பி.சி.ஆர். என்ற வேக முறையில் 13, 18, 21 பற்றி இரண்டு மூன்று நாளில் தெரியும், முழுக் கேரியோடைப்புக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். சட்டம் குறிப்பிட்ட சிலருக்கு 24 வாரம் வரை கருக்கலைப்பை அனுமதிக்கிறது. அதற்குப் பிறகு, கருவில் பெரிய குறை என்றால் மருத்துவ வாரியத்தின் அனுமதி வேண்டும். இந்த நாட்களையெல்லாம் பின்னோக்கி எண்ணித்தான் இன்றே தேதி குறிக்க வேண்டும்.

மகனுக்கு மூன்று வயது, இன்னும் பேச்சு வரவில்லை. கேரியோடைப் நார்மல். இப்போது மைக்ரோஅரே எடுக்கச் சொல்கிறார்கள். ஒரே சோதனையை இரண்டு முறை எடுப்பதா?
— வாசகர், ஆரணி

ஒரே சோதனை இல்லை. மாவட்ட வரைபடத்தில் உங்கள் தெரு தெரியாது. கேரியோடைப்பில் 50 லட்சம் முதல் ஒரு கோடி டி.என்.ஏ. எழுத்து அளவுக்குக் குறைந்தாலோ கூடினாலோதான் கண்ணுக்குப் படும். மைக்ரோஅரே ஒரு லட்சம் எழுத்து அளவையும் பிடிக்கும். காரணம் தெரியாத வளர்ச்சித் தாமதத்தில் கேரியோடைப் 100க்கு மூன்று பேருக்குத்தான் விடை தரும், மைக்ரோஅரே 15 முதல் 20 பேருக்குத் தரும். டவுன் மாதிரி அடையாளம் தெரியாத குழந்தைக்கு முதலிலேயே மைக்ரோஅரேதான் எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் இடம் மட்டும் மாறி அளவு மாறாத சமநிலை இடமாற்றம் மைக்ரோஅரேயில் தெரியாது. அதனால் கலைந்த கருவுக்காக வரும் தம்பதிக்குக் கேரியோடைப், பேசாத குழந்தைக்கு மைக்ரோஅரே. 'பொருள் நிச்சயமற்ற மாற்றம்' என்று ரிசல்ட் வந்தால் பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான அப்பாவிடமும் அதே மாற்றம் இருந்தால் பெரும்பாலும் அது குற்றவாளி அல்ல. ஃபிரஜைல்-எக்ஸ் (எக்ஸ் குரோமோசோமில் ஒரு மரபணுப் பழுதால் அறிவு வளர்ச்சி குன்றுவது) சோதனையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், அது இவை இரண்டிலும் அகப்படாது.

சைட்டோஜெனடிக்ஸ் (குரோமோசோம் சோதனை) லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். சித்திரை வெயிலில் குரோமோசோம்கள் கொத்தாக ஒட்டிக்கொள்கின்றன. ஐப்பசி மழையில் அதே முறையில் சிதறிப் போகின்றன. பட்டைகளும் ஒருநாள் போல ஒருநாள் வருவதில்லை. எங்கே தவறு?
— டெக்னாலஜிஸ்ட், மதுரை

உங்கள் கவனிப்பு சரியானது. சொட்டுவிட்ட பிறகு மெத்தனால் எவ்வளவு மெதுவாக ஆவியாகிறதோ அவ்வளவு நேரம் செல் விரியும். வறண்ட காற்றில் சட்டென்று காய்ந்து, குரோமோசோம்கள் கொத்தாக நின்றுவிடும். ஈரக் காற்றில் அளவுக்கு மேல் விரிந்து, இரண்டொன்று பக்கத்து செல்லுக்கே ஓடிவிடும். அப்போது 45 என்று எண்ணி ஏமாந்துபோவீர்கள். சொட்டுவிடும் மேசைக்கு மேல் ஈரப்பதமானி ஒன்றை மாட்டுங்கள். 25 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் நல்ல தொடக்கம். வறண்ட நாளில் குளிர்ந்த ஈர ஸ்லைடைப் பயன்படுத்துங்கள், அல்லது சொட்டுவிட்டதும் வெந்நீர்த் தொட்டியின் ஆவியில் ஒரு கணம் காட்டுங்கள். மழை நாளில் உலர்ந்த ஸ்லைடை எடுத்து, ஏசியை ஓடவிடுங்கள். பதப்படுத்தும் கலவையின் கடைசி மாற்றில் அமிலத்தின் பங்கைச் சற்றுக் கூட்டினால் விரிவு கூடும்.

ஆனால் காற்றைக் குறை சொல்லும் முன் உப்புக் கரைசலைப் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு 0.075 மோலார், அதாவது லிட்டருக்கு 5.6 கிராம், 37 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். நேரம் குறைந்தால் செல் ஊதாது, குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், சுற்றிலும் சைட்டோபிளாசம் புகைபோல் நிற்கும். கூடினால் செல் டியூபுக்குள்ளேயே வெடித்துவிடும். இந்த ஒரு படி இல்லாத காலத்தில் மனிதக் குரோமோசோம் 48 என்றே 30 ஆண்டுகளுக்கு மேல் உலகம் நம்பியது. 1952இல் அமெரிக்காவில் டி.சி. சூ என்ற ஆய்வாளரின் லேபில் உப்புச் செறிவு தவறுதலாகக் குறைந்துபோனதில்தான் குரோமோசோம்கள் முதன்முதலாகத் தெளிவாக விலகி நின்றன. அந்த முறையைக் கையாண்டு, 1955 டிசம்பரில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் தியோவும் ஆல்பர்ட் லெவனும் எண்ணிப் பார்த்தார்கள். 46 என்ற முடிவு 1956இல் வெளிவந்தது. ஆகவே அந்தக் கரைசலை எடைபோடும்போது கவனம் சிதற விடாதீர்கள்.

பதப்படுத்தும் கலவை மெத்தனால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். வைத்திருந்தால் இரண்டும் வினைபுரிந்து மெத்தில் அசிட்டேட்டும் நீரும் உண்டாகி, கலவை கெட்டுவிடும். முதல் முறை சேர்க்கும்போது டியூபை ஆட்டிக்கொண்டே துளித்துளியாக விடுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் சிவப்பணு மிச்சங்களோடு சேர்ந்து கஞ்சிபோல் உறையும், அதைப் பிறகு எதைக் கொண்டும் பிரிக்க முடியாது. முதலில் கரும்பழுப்பாகும். திரவம் தெளியும் வரை மூன்று நான்கு முறை மாற்றுங்கள்.

பட்டை சரியாக வராததற்குப் பெரும்பாலும் ஸ்லைடின் வயதே காரணம். புது ஸ்லைடை டிரிப்சினில் (புரதத்தைக் கரைக்கும் நொதி) போட்டால் குரோமோசோம் பஞ்சுபோல் ஊதிவிடும். 60 டிகிரியில் ஓர் இரவு, அல்லது 90 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துப் பழசாக்குங்கள். டிரிப்சின் நேரத்தைப் புத்தகத்தில் தேடாதீர்கள். ஒவ்வொரு நாளும் ஒரு ஸ்லைடைப் பலி கொடுத்து நேரம் கண்டுபிடிக்க வேண்டும். பட்டை இல்லாமல் ஒரே ஊதாவாக இருந்தால் நேரம் போதவில்லை. ஓரம் மட்டும் தெரிந்து உள்ளே வெளிறியிருந்தால் கூடிவிட்டது. ஜீம்சா சாயத்தின் தாங்கல் கரைசல் பி.எச். 6.8 இருக்கட்டும். குரோமோசோம்கள் குட்டையாகக் கட்டைபோல் இருந்தால் கோல்செமிட்டில் அதிக நேரம் விட்டிருக்கிறீர்கள்.

எண்ணிக்கை பற்றியும் ஒரு சொல். இருவகைச் செல்கள் கலந்த மொசைக்கை எவ்வளவு நம்பிக்கையோடு மறுக்கலாம் என்பது எத்தனை செல் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 20 செல் பார்த்து எல்லாம் ஒன்றாக இருந்தால் 14 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள மொசைக்கை 95 சதவீத உறுதியோடு மறுக்கலாம். 30 செல் என்றால் 10 சதவீதம், 50 என்றால் 6 சதவீதம். நல்ல செல்லை மட்டும் பொறுக்காதீர்கள். எலும்பு மஜ்ஜை மாதிரியில் அழகில்லாத செல்தான் பெரும்பாலும் புற்றுநோய்ச் செல்.

சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் இருப்பதாக ரத்தத்தின் பி.சி.ஆரிலேயே தெரிந்துவிட்டது. இடுப்பெலும்பில் குத்தி மஜ்ஜை வேறு ஏன் எடுக்கிறார்கள்?
— வாசகர், காரைக்கால்

1960இல் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் இருவரும் ஃபிலடெல்ஃபியா நகரில் கண்ட குட்டைக் குரோமோசோம்தான் இந்த நோயின் வேர். அது 9க்கும் 22க்கும் இடையே நடந்த இடமாற்றம் என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். ஒட்டிய இடத்தில் பி.சி.ஆர்.–ஏ.பி.எல். (BCR-ABL; இதில் வரும் பி.சி.ஆர். ஒரு மரபணுவின் பெயர், PCR சோதனை அல்ல) என்ற கலப்பு மரபணு உருவாகிச் செல்களை ஓயாமல் பெருகச் செய்கிறது. அதைத் தடுக்கும் இமாடினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று இந்த நோயோடு பல்லாண்டு வாழ்கிறவர்கள் ஏராளம்.

பி.சி.ஆர். சோதனை அந்த ஒரு இணைப்பை மட்டும்தான் தேடும். கூடவே 8ஆம் குரோமோசோம் கூடுதலாக இருக்கிறதா, இரண்டாவது ஃபிலடெல்ஃபியா இருக்கிறதா, 17இல் மாற்றமா என்று காட்டுவது மஜ்ஜைக் கேரியோடைப்தான். அவை இருந்தால் நோய் வேகமெடுக்கும் அபாயம் கூடுதல், மருந்தும் மாறலாம். சிகிச்சைக்கு முன் ஒருமுறை அவசியம் எடுங்கள். சிரிஞ்சில் முதலில் வரும் மஜ்ஜையை ஹெபாரின் டியூபில் போடச் சொல்லுங்கள். அடுத்தடுத்த இழுப்பில் ரத்தம் கலந்து செல் நீர்த்துவிடும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த பி.சி.ஆர். போதும். அதில் கலப்பு மரபணுவின் அளவு 3 மாதத்தில் 10 சதவீதத்துக்குள், 6 மாதத்தில் 1 சதவீதத்துக்குள், ஓராண்டில் 0.1 சதவீதத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் முதலில் டாக்டர் கேட்பது, மாத்திரையை ஒழுங்காகப் போட்டீர்களா என்றுதான்.

மகளுக்கு 15 வயது. இன்னும் வயதுக்கு வரவில்லை. உயரம் 4 அடி 3 அங்குலம். படிப்பில் கெட்டி. 'பாட்டியும் லேட்டாகத்தான்' என்கிறார்கள் வீட்டில். டாக்டர் குரோமோசோம் சோதனை என்கிறார். பத்தாவது பரீட்சை முடியட்டுமா?
— வாசகி, திருவாரூர்

வேண்டாம், இந்த வாரமே ரத்தம் கொடுத்துவிடுங்கள். பூப்பு தாமதமும் இந்த உயரமும் சேர்ந்தால் டர்னர் சிண்ட்ரோமை முதலில் நினைக்க வேண்டும். சுமார் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு 45,எக்ஸ், மற்றவர்களுக்குக் கலப்பு வகைகள். அதனால் 20 செல்லோடு நிறுத்தாமல் 30, தேவையானால் 50 செல் பார்க்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். ஒய் குரோமோசோமின் துண்டு எங்காவது இருக்கிறதா என்பதும் தெரிந்தாக வேண்டும். இருந்தால் வளராத சூலகத்தில் கட்டி வரும் அபாயம் உண்டு, அதை முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள்.

உறுதியானால் அதே மாதத்தில் இதய எக்கோ (பெருந்தமனி சுருங்கியிருக்கலாம்), சிறுநீரக ஸ்கேன், தைராய்டு, காது கேட்கும் திறன் நான்கையும் பார்த்துவிடுங்கள். ஈஸ்ட்ரோஜன் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் மார்பு வளர்ச்சியும் மாதவிலக்கும் வரும், எலும்பும் உறுதிப்படும். வளர்ச்சி ஹார்மோன் ஊசிக்குக் காலக்கெடு உண்டு. எலும்பு முனைகள் மூடிவிட்டால் அது வேலை செய்யாது. இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்தால் எவ்வளவு காலம் மிச்சம் என்று தெரியும். ரத்தம் கொடுக்கும் அன்றே அதையும் எடுத்து வாருங்கள். ஒரு நாள் பள்ளிக்கு லீவு போட்டால் போதும், பரீட்சைக்கு ஒன்றும் ஆகாது.